பணிமனைதோறும் மனநல ஆலோசனை: ஓட்டுநர், நடத்துநர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், பொதுச்செயலாளர்,
அரசுப் பேருந்துத் தொழிலாளர் சங்கம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: மேலாண் இயக்குநர்கள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்.

பொருள்: ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு ரகசியம் காக்கும் மனநல ஆலோசனை வசதி ஏற்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஊதியம், பஞ்சப்படி, ஓய்வூதியம் குறித்துப் பலமுறை மனு அளித்திருக்கிறோம். இந்த மனு எங்கள் உறுப்பினர்களின் மனநலம் பற்றியது மட்டுமே.

நெரிசலில் டைமிங் தவறினால் ஓட்டுநர் நேரக்காப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். தவறிய நேரத்தைப் பிடிக்க வேகம் கூட்டினால் பயணிகள் ஏசுகிறார்கள், டீசல் செலவு கூடினால் விளக்கம் கேட்கப்படுகிறது. நடத்துநருக்குச் சில்லறைத் தகராறும் படிக்கட்டுப் பயணமும் அன்றாடம். இரவில் கணக்கு ஒப்படைக்கும்போது பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். மாற்று ஆள் வராத நாளில் டபுள் டூட்டி. ஊரே பொங்கலும் தீபாவளியும் கொண்டாட, சிறப்புப் பேருந்துகளில் நாங்கள் இருக்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது உயிரிழப்பு விபத்து. எங்கள் உறுப்பினர் ஒருவர் ஓட்டிய வண்டியில் இருசக்கர வாகனம் மோதி, ஓர் இளைஞர் அதே இடத்தில் இறந்தார். அதன்பின் காவல் நிலையம், ஜாமீன், குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம் என்று வரிசையாக நடந்தன. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியின் பிரேக்கைச் சோதித்தார். ஓட்டுநர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. மீண்டும் பணியில் சேர்ந்தபோது அதே வழித்தடம் கொடுக்கப்பட்டது. அந்த வளைவு நெருங்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கிறது, வழியில் எதுவும் இல்லாதபோதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது என்று வெகுநாள் கழித்தே எங்களிடம் சொன்னார். வீட்டிலும் சொல்லவில்லை, பணிமனையிலும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி தர மாட்டார்கள் என்ற பயம்.

இந்தப் பயம்தான் எங்கள் மனுவின் மையம். பணிமனையில் ஆலோசகரை அமர்த்துவது எளிது. ஆனால் அங்கே பேசியது கிளை மேலாளரின் மேசைக்குப் போகும் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஒருவரும் அந்த அறைக்குள் நுழைய மாட்டார்கள். வேதனையை மறைத்துக்கொண்டு ஓட்டுபவரை நம்பித்தான் பயணிகளும் ஏறுகிறார்கள். ஆகவே இது பொதுமக்களின் பாதுகாப்பும்கூட.

நாங்கள் கேட்பது சலுகை அன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18 மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும், பிரிவு 23 ரகசியம் காக்கப்படும் உரிமையையும் வழங்குகின்றன. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆன அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20. மனநோயும் அச்சட்டத்தின் பட்டியலில் உண்டு. மனநலக் குறைபாடு உள்ளவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாடாகும் என்று, மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி பணிநாள்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் மாநிலக் காவல்துறை, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையுடன் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. சீருடை அணிந்து சாலையில் நிற்கும் எங்களுக்கும் அத்தகைய அக்கறை வேண்டும்.

எனவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. ஒவ்வொரு மண்டலத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர்களை, பெண் ஆலோசகர் உட்பட, நியமிக்க வேண்டும். அவர்கள் முறை வைத்து எல்லாப் பணிமனைகளுக்கும் வர வேண்டும். காலை, மதியம் என இரு ஷிப்ட் தொழிலாளர்களும் சந்திக்க ஏற்ற நேரம் வேண்டும்.

2. ஆலோசகர் நிர்வாகத்தின் கீழ் இல்லாமல் சுகாதாரத் துறையின் மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும். சந்திப்புப் பதிவுகள் பணிப் பதிவேட்டில் சேரக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கையில் சான்றாகவும் வரக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து எனில் மருத்துவ அலுவலருக்கு மட்டும் தெரிவிக்கலாம்.

3. உயிரிழப்பு விபத்தையோ பணியிடத் தாக்குதலையோ சந்தித்தவருக்கு 72 மணி நேரத்துக்குள் ஆலோசனையும், ஊதியத்துடன் ஓய்வும் தர வேண்டும். அவர் கேட்டால் வழித்தடத்தை மாற்ற வேண்டும். விசாரணை முடியும்வரை இவற்றை நிறுத்தி வைக்கக் கூடாது.

4. மதுப்பழக்கத்திலிருந்து விடுபடத் தாமாக முன்வருபவருக்குச் சிகிச்சை விடுப்பும், மீண்டும் அதே பணியும் உறுதி செய்ய வேண்டும்.

5. சிகிச்சைக் காலத்தில் ஓட்ட இயலாதவருக்கு ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி வழங்க வேண்டும்.

6. கிளை மேலாளர், நேரக்காப்பாளர், பரிசோதகர் ஆகியோருக்கு, மனஉளைச்சலின் அறிகுறிகளை அறியவும் ஊழியர்களிடம் கண்ணியமாகப் பேசவும் பயிற்சி தர வேண்டும்.

7. டபுள் டூட்டியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்பி, வார ஓய்வை உறுதி செய்து, இரவு தங்கும் இடங்களில் படுக்கை, மின்விசிறி, கழிப்பறை அமைக்க வேண்டும். உறக்கமற்ற உடலுக்கு ஆலோசனை மட்டும் மருந்தாகாது.

8. 24 மணி நேரமும் இலவசமாக இயங்கும் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ ஓய்வறைகளில் எழுதி வைக்க வேண்டும். அது கூடுதல் உதவிதான். நேரில் கிடைக்கும் ஆலோசனைக்கு மாற்றாகாது.

9. மருத்துவர், நிர்வாகம், தொழிற்சங்கங்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு அமைத்து, பெயர் விவரமின்றி ஆண்டறிக்கை வெளியிட வேண்டும்.

முதற்கட்டமாக ஒவ்வொரு கழகத்திலும் ஒரு மண்டலத்தில் 90 நாள்களுக்குள் இத்திட்டத்தைத் தொடங்க அரசாணை பிறப்பிக்குமாறும், அதற்கு முன் எங்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திட்டத்தைத் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கும்.



இப்படிக்கு,
தலைவர்
பொதுச்செயலாளர்