கான்கார் விற்பனையும் கும்மிடிப்பூண்டிச் சரக்கும்

‘கான்கார்’ எனப்படும் இந்திய கன்டெய்னர் கழகத்தில் மத்திய அரசுக்கு 54.8% பங்கு உள்ளது. அதில் 30.8 விழுக்காட்டை நிர்வாக உரிமையுடன் விற்க 2019 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆண்டுகள் பல கடந்தும் விற்பனை கைகூடவில்லை. இடறியது நிலம்தான் என்பது என் கணிப்பு. 1988-இல் நிறுவப்பட்ட இந்நிறுவனத்தின் முனையங்கள் பல ரயில்வே நிலத்தில் அமைந்தவை. அதற்கான ஆண்டுக் கட்டணம் உறுதியாகாமல் எவர் விலை பேசுவார்? நில மதிப்பில் 6% என்றிருந்த கட்டணத்தை 1.5% ஆக்கி, 35 ஆண்டு வரை குத்தகைக்கு வகைசெய்த முடிவு 2022 செப்டம்பரில்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து நோக்கினால் கேள்வி வேறு. சென்னை–கூடூர் ரயில்பாதை ஊர் வழியே செல்கிறது. காமராஜர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. இவ்வளவு குறுகிய தொலைவுக்கு இருமுனையிலும் ஏற்றி இறக்கும் செலவு ரயிலில் கட்டுப்படியாகாது, லாரியே வெல்லும். முதலாளி மாறினாலும் இக்கணக்கு மாறாது. வட மாநிலங்களுக்கான நெடுந்தூரச் சரக்கில்தான் ரயிலுக்கு ஆதாயம். ஆனால், 45 வேகன்கள் கொண்ட ஒரு ரயிலுக்கு 90 இருபதடிப் பெட்டிகள் வேண்டும். நான்கைந்து பெட்டி அனுப்பும் சிறு ஆலைகளின் சரக்கைத் திரட்டும் வேலையைப் புதிய உரிமையாளர் ஏற்பாரா?

காட்டுப்பள்ளி 2018 முதல் அதானி குழுமத்தின் வசம் இருக்கிறது. துறைமுகமும் கன்டெய்னர் ரயிலும் ஒரே கையில் சேர்ந்தால் சிறு ஏற்றுமதியாளரின் பேரம்பேசும் வலு என்னாகும்? 1993-இல் ரயில்வேயை விற்ற நியூசிலாந்து, 2008-இல் ரயில்களைத் திரும்ப வாங்க நேர்ந்தது. முனையங்களை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணத்தில் திறந்துவிடும் நிபந்தனை, விற்பனை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.