பட்டம் முந்தியதா, செயல் முந்தியதா?

‘குருசேடர் கிங்ஸ்’ என்னும் வியூக விளையாட்டின் மூன்றாம் பாகத்தை (2020) 1066ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினால், நார்மண்டியின் வில்லியம் ‘முறைகேடாகப் பிறந்தவன்’ என்னும் பட்டப்பெயரோடு திரையில் தோன்றுவான். இங்கிலாந்தை வென்றுவிட்டால் அப்பெயர் மறைந்து ‘வெற்றிகொண்டான்’ என்பது அவ்விடத்தில் அமரும். எங்கள் விடுதியில் வரலாற்றுத்துறை ஆய்வாளர் சிலர் இதை விடிய விடிய ஆடுகின்றனர். இடைக்கால அரசியலைக் கற்பிக்க இதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாமா என்று அவர்களுக்குள் விவாதமும் நடக்கிறது. கொண்டுசெல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால் பட்டப்பெயர்களைப் பற்றி இவ்விளையாட்டு சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் ஒரு கோட்பாட்டை அதற்குமுன் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் (2012) பட்டங்களுக்குரிய நிபந்தனைகளும் அவை கிட்டும் வாய்ப்பின் அளவும் கோப்புகளில் எழுதப்பட்டிருந்தன. மூன்றாம் பாகத்தில் பெரும்பாலும் ஒரு நிகழ்வின் முடிவாகவோ, ஆட்டக்காரர் எடுக்கும் தீர்மானத்தின் பலனாகவோ பட்டம் வந்துசேர்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு சமயத்தில் ஒன்றுதான். புதியது வந்தால் பழையது கழியும். கோப்புகளைத் திறந்து பார்த்தால், பட்டம் பெயருக்கு முன்னால் வருவதா என்பதற்கு ஒரு குறிப்பும், அது இழிபெயரா என்பதற்கு இன்னொரு குறிப்பும் காணலாம். மொழியியல் படித்தவர்க்கு இவை சுவையான குறிப்புகள். (பெயருக்கு முன்னால் வரும் பட்டம் ஒன்றுக்காகத்தான் நானும் ஐந்தாம் ஆண்டாகக் காத்திருக்கிறேன்.) சூட்டியவர் யார் என்பதற்கு மட்டும் குறிப்பு இல்லை. செயல் நடந்தது, பட்டம் கிடைத்தது, அவ்வளவே.

ஐரோப்பிய வழக்குக்கே இது முழுதும் பொருந்தாது. 1016இல் இறந்த ஆங்கில மன்னன் எத்தெல்ரெட்டின் பெயருக்கு ‘உயர்ந்த ஆலோசனை’ என்று பொருள். அதைத் திருப்பிப்போட்டு ‘ஆலோசனை கெட்டவன்’ என்று யாரோ சிலேடை செய்தனர். அந்த இகழ்பெயர் எழுத்தில் கிடைப்பது அவன் இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான். பழஞ்சொல்லின் பொருள் மறந்துபோனதால் இன்று பலர் அதை ‘ஆயத்தமில்லாதவன்’ என்று புரிந்துகொள்கின்றனர். பட்டம் இங்கே மன்னன் ஈட்டியதன்று. பின்வந்தோர் அவன்மேல் வழங்கிய தீர்ப்பு.

விளையாட்டின் நிலப்படத்தில் இந்தியாவும் உள்ளது. அதே 1066இல் சோழ அரியணையில் இருந்தவன் வீரராசேந்திரன். அவன் பெயரோடு வரும் ‘இராசகேசரி’ எந்தப் போரிலும் ஈட்டப்பட்டதன்று. சோழ மன்னர்கள் ஒருவர் விட்டு ஒருவர் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடிக்கொண்ட பெயர் அது. அரியணை ஏறும் முறையே அதைத் தந்துவிடும். அவனுடைய இன்னொரு விருதுப்பெயர் ‘ஆகவமல்ல குலகாலன்’. போரில் மல்லன் எனப் பொருள்படும் ‘ஆகவமல்லன்’ என்பதே அவனுடைய பகைவனான சாளுக்கிய முதலாம் சோமேசுவரனின் விருதுப்பெயர். பகைவனின் பட்டத்தை விழுங்கித் தன் பட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும் இத்தொகைச்சொல்லைத் தனியே வாசித்துப் பயனில்லை. எதிராளியின் பெயர் தெரிந்தால்தான் பொருள் விளங்கும். இப்பெயர்கள் ஒன்றையொன்று நீக்குவதுமில்லை, அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஒற்றைப் பெட்டிக்குள் இவற்றை எப்படி அடைப்பது?

இவற்றைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் மூன்றாம் இராசராசனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 1231ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசன் ‘திரிபுவனச் சக்கரவர்த்தி’, அதாவது மூவுலகப் பேரரசன். அந்தப் பேரரசனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். செய்தி போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனுக்கு எட்டியது. சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்னும் விருதுப்பெயர் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. அப்பெயரை மெய்ப்பித்தாலன்றித் தன் எக்காளம் ஊதப்படாது என்று உறுதிபூண்டு அவன் புறப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. அவன் அனுப்பிய தண்டநாயகர் இருவர் ஊர்களை அழித்துச் சேந்தமங்கலத்தை நெருக்க, சோழன் விடுவிக்கப்பட்டான்.

இங்கே பட்டம்தான் முந்தியது, செயல் பிந்தியது. தத்துவவாதி ஆஸ்டின் ‘செயல்புரியும் கூற்று’ என்று விளக்கியதன் அருகில் இதை வைக்கலாம். ‘நான் இதைச் செய்தேன்’ என்ற அறிக்கையாக மட்டுமின்றி, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்ற வாக்குறுதியாகவும் விருதுப்பெயர் இயங்கியிருக்கிறது. வாக்குறுதி என்றால் அதை மீறவும் கூடும்; எக்காளம் மௌனமாவது அந்த அச்சத்தினால்தான்.

விளையாட்டின் நிரலாளர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்களுடைய கோட்பாட்டையே, விளையாட்டைத் தொட்டுப் பாராத நம்மவர் பலரும் கல்வெட்டுகளின் மீது ஏற்றுகின்றனர். சோழர் பட்டங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு நாட்டின் பெயரை எழுதி வெற்றிப் பட்டியல் என்று பகிரும் பதிவுகளை வாரந்தோறும் காண்கிறேன். ‘கங்கைகொண்டான்’ என்பதன் பின்னால் ஒரு படையெடுப்பு இருந்தது உண்மை. அதே முறையில் ‘திரிபுவனச் சக்கரவர்த்தி’யை வாசித்தால் சேந்தமங்கலச் சிறையை எங்கே வைப்பது? முதற்குலோத்துங்கனுக்குப் பின் அது பரம்பரைப் பட்டமாகவே ஆயிற்று. நாடு சுருங்கியபோது பட்டம் சுருங்கவில்லை. முதுகலை வகுப்புகளிலும் இவ்வாசிப்பு நுழைந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

விளையாட்டிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு: அந்த இழிபெயர்க் குறிப்பு. வழுக்கைத் தலையன், முறைகேடாகப் பிறந்தவன் என்றெல்லாம் ஐரோப்பிய மன்னர்களைப் பற்றிய பதிவுகளில் காண்கிறோம். சோழர் மெய்க்கீர்த்திகளில் மன்னனுக்கு ஓர் இழிபெயரைக் காட்ட முடியுமா? நம் முன்னோர் அரசர்களை எள்ளி நகையாடவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. கல்லில் பேசியவர்கள் யார் என்பதையே இம்மௌனம் காட்டுகிறது.

அரண்மனைக்கு வெளியிலும் பட்டங்கள் சென்றன என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தச்சர் ஒருவர் ‘இராசராசப் பெருந்தச்சன்’ எனவும், நாவிதர் ஒருவர் ‘இராசராசப் பெருநாவிசன்’ எனவும் குறிக்கப்படுகின்றனர். மன்னனின் பெயரே குடிமகனின் பட்டமாகிறது. அந்த நாவிதர் அதைத் தம் உழைப்பால் ஈட்டினாரா, அரண்மனை வழங்கியதா, தொழிலோடு வந்ததா? விளையாட்டின் கோப்பில் இக்கேள்விக்கு இடமே இல்லை.

ஆகவே வகுப்பறைக்கு என் பரிந்துரை இது. மாணவர்கள் ஒரு வாரம் ஆடட்டும். பிறகு வில்லியமையும் வீரராசேந்திரனையும் அந்த நாவிதரையும் ஒரே அட்டவணையில் எழுதி, ‘சூட்டியவர்’, ‘யார் கேட்கச் சூட்டியது’, ‘மெய்ப்பிக்கத் தவறினால் என்னாகும்’ என்று மூன்று பத்திகளைக் கூடுதலாக வரையச் சொல்லுங்கள். பல கட்டங்கள் வெற்றாகவே இருக்கும். அவற்றிலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.