சொட்டு நீரில் ஈயம் தேடும் மின்வாய்

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழையும்போது மாநிலம் மாறிவிட்டதைப் பெயர்ப்பலகைதான் சொல்கிறது. மண்ணும் கிணறும் மாறுவதில்லை. தகராறு ஆற்றில்தான். அகத்தியமலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறில் கடல் சேரும் நெய்யாற்றிலிருந்து விளவங்கோடு பக்கம் வந்த கால்வாய் நீரை 2004இல் கேரளம் நிறுத்தியது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு, எவ்வளவு தண்ணீர் என்பது பற்றி. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

செம்மண்ணும் வெட்டுக்கல்லுமான கேரள நிலத்தில் பல கிணறுகளின் நீர் லேசான அமிலத்தன்மை கொண்டது. அப்படிப்பட்ட நீர் இரவெல்லாம் குழாயில் தேங்கினால் பித்தளைத் திருகிலிருந்தும் பற்றவைத்த இணைப்பிலிருந்தும் செம்பையும் ஈயத்தையும் மெல்லக் கரைக்கும். நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கிறது.

1991இல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் வரை அனுமதித்த இந்தியத் தர நிர்ணயம், 2012இல் அதை 10 ஆகக் குறைத்தது. அதாவது, ஆயிரம் லிட்டர் தொட்டியில் 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

மின்வேதியியல் தரும் வழி எளிமையானது. மாதிரி நீரில் மின்வாயை அமிழ்த்தி, அதற்கு எதிர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நீரில் சிதறிக் கிடக்கும் உலோக அயனிகள் சில நிமிடங்களில் அதன்மேல் வந்து படிகின்றன. பிறகு மின்னழுத்தத்தை மெதுவாக நேர் திசையில் நகர்த்தினால், படிந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று நீருக்குத் திரும்புகின்றன. முதலில் துத்தநாகம், பிறகு காட்மியம், ஈயம், கடைசியில் செம்பு. ஒவ்வொன்றும் கழலும்போது மின்னோட்டத்தில் ஒரு முகடு எழுகிறது. முகடு நிற்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்கிறது. அதன் உயரம் எவ்வளவு என்று சொல்கிறது.

இதற்கு வித்திட்டவர் பிராக் நகரின் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. 1922இல் சொட்டும் பாதரசத்தையே மின்வாயாக்கினார். 1959இல் நோபல் பரிசு பெற்றார். விஷத்தைத் தேட விஷத்தையே பயன்படுத்துவதா என்ற சங்கடத்துக்கு 2000க்குப் பிறகு பிஸ்மத் படலம் விடை தந்தது. இத்துறைக்கென இந்தியாவில் அமைந்த ஆய்வு நிலையம் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது.

கருவி கைக்கு அடக்கமானது. பெரிய ஆய்வகக் கருவிகளைவிட மலிவு. ஆனால் குறையும் உண்டு. இலைமக்குடன் பிணைந்த உலோகம் அதன் கண்ணில் படாது. அமிலம் சேர்த்துப் பிரித்த பிறகே முழுக் கணக்கு கிடைக்கும். சரியாகக் கழுவாத பாட்டிலே பொய்க்கணக்கு காட்டிவிடும்.

மாதிரி எடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. விடிந்ததும் குழாயில் வரும் முதல் டம்ளர் ஒன்று. கிணற்றில் வாளி விட்டு இறைத்தது ஒன்று. முதலாவதில் மட்டும் ஈயம் அதிகமென்றால் குற்றவாளி குழாய். இரண்டிலும் இருந்தால் கிணறு. முதல் வகைக்குச் செலவில்லாத முதலுதவி உண்டு: தேங்கிய நீரைச் செடிக்கு விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் குடிப்பது. இரண்டாவது வகைக்குக் கிணற்றையே மாற்ற வேண்டியிருக்கும். எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் அளந்து பார்த்தால்தான் எதுவென்று தெரியும்.