வகுப்பறைக்கு வந்த திரையும் வாசலில் நிற்கும் பெற்றோரும்

மழைக்காலத்தில் ஓசூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் தென்பெண்ணை ஆறு வெள்ளை நுரையாகப் பொங்கும். புதிதாகப் பார்ப்பவர் காஷ்மீரே வந்துவிட்டதுபோல செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார். ஊர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார். பெங்களூரின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து வருகிற நுரை அது. மேலே இருப்பவர்கள் முடிவு செய்து விடுகிறார்கள், கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். நடுவில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நுரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் போர்டும் கழிவு என்பதல்ல பேச்சு. அவை நல்ல பொருள்கள்தான். ஆனால் அவை வந்து சேருகிற விதம் இருக்கிறதே, அது அப்படியே அந்த ஆற்றின் விதம்! மேலிருந்து வரும். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டிய மாநிலம் அல்ல. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதையொட்டியே 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள். 2024-ல் தொடக்கப் பள்ளிகளின் முறை: 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள். எண்ணிக்கையைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. இந்தப் பட்டியலில் எந்த வரியிலாவது "பெற்றோரைக் கேட்டோம், வகுப்பெடுக்கும் ஆசிரியரைக் கேட்டோம், பிறகு வாங்கினோம்" என்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேட்க வேண்டும் என்பது ஏதோ நல்லெண்ண ஆலோசனை இல்லை. சட்டம்! 2009-ம் ஆண்டு இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. அடுத்த பிரிவு, அந்தத் திட்டமே அரசு தருகிற நிதிக்கு அடிப்படை என்று சொல்கிறது. அதாவது பள்ளிக்குத் திரை வேண்டுமா, கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டுமா, எது முதலில் என்று ஊர் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அரசு பணம் தர வேண்டும். நடப்பது தலைகீழ். பொருள் முதலில் வருகிறது. பிறகு கூட்டம். பிறகு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. கூட்டத்துக்கு வந்த அம்மாவுக்கு எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம்.

"பெற்றோருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று ஒரு கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். வேறு எந்த ஊரில் கேட்டாலும் கேட்கலாம், ஓசூரில் கேட்கக் கூடாது.

கெலவரப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே படிக்கிற ஒரு பையனின் அப்பா சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறார். அம்மா பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் லைனில் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட்டு, சொட்டுநீருக்கு டைமர் வைத்திருக்கிறார். இவர்களுக்கா மெஷின் தெரியாது? புது மெஷின் ஒன்று தொழிற்சாலைக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று அந்த அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ட்ரையல் ரன் பார்ப்பார்கள். ஓட்டப்போகிற ஆளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பராமரிப்பு அட்டவணை மெஷின் பக்கத்திலேயே தொங்கும். நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கியது. அந்தப் பரிசின் அடிப்படையே, வேலை செய்கிற ஆளையும் தர மேம்பாட்டில் சேர்த்துக்கொள்வதுதான். ஆலைக்குள் "என்ன மாற்றலாம், சொல்லுங்கள்" என்று தொழிலாளியைக் கேட்கிறார்கள். அதே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போனால், "இங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். (வணிகவியல் படிக்கிற யாருக்கும் இது முதலாம் ஆண்டுப் பாடம்.) சொத்து வாங்குவது மூலதனச் செலவு. அதை ஓட்டுவது ஆண்டுதோறும் வருகிற செலவு. முதலாவதற்கு விழா எடுக்கலாம், நாடா வெட்டலாம். இரண்டாவதற்கு யார் நாடா வெட்டுவார்கள்? யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓயும். எலி ஒயரைக் கடிக்கும். இணையக் கட்டணம் மாதா மாதம் வரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு விதிக்கப்பட்டிருக்கும் ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம். இரண்டு பேட்டரி மாற்றினால் அந்த வருட மானியத்தில் பெரும்பங்கு காலி! பிறகு திரை இருக்கும், வெளிச்சம் இருக்காது. ஆனால் இருப்புப் பதிவேட்டில் அது "நல்ல நிலையில்" இருக்கும். தேய்மானம் என்ற சொல்லே பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதில்லை போலிருக்கிறது.

ஆசிரியர்கள் பக்கம் இன்னும் மோசம். தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு சராசரி அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நினைவுக்கு வருவது பாடம் அல்ல, எமிஸ். வருகைப்பதிவு, இலவசப் பொருள் விவரம், இந்தக் கணக்கு, அந்தக் கணக்கு. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. டேட்டா எண்ட்ரி அந்தப் பட்டியலில் இல்லை. தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் 2023-ல் போராடியபோது, எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. உடனே "ஆசிரியர்களுக்கு கம்ப்யூட்டர் பிடிக்காது, சோம்பேறிகள்" என்று கிளம்பிவிட்டார்கள் சிலர்.

பிடிக்காதா? விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியை அன்னபூர்ணா மோகன், 2017-ல் தன் நகைகளைக் கொண்டு பணம் புரட்டித் தன் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கினார். யாரும் உத்தரவு போடவில்லை. பிள்ளைகளுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க இது தேவை என்று அவருக்கே தோன்றியது, அதனால் வாங்கினார், அதனால் அதைப் பயன்படுத்தவும் செய்தார். ஆசிரியர் நகையைக் கழற்ற வேண்டிய நிலைமை பெருமைப்படத் தக்கதா என்பது வேறு விவாதம். ஆனால் தானே தேர்ந்தெடுத்த கருவிக்கும் தலையில் கட்டப்பட்ட கருவிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு உதாரணம் போதும்.

பக்கத்து மாநிலம் கேரளத்தைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. அங்கே 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது, ஒரே கம்பெனியின் மென்பொருளைப் பாடத்துக்குள் நுழைக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களில் ஆசிரியர் சங்கமே முன்னால் நின்றது. விளைவு, கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கினார்கள். 2022-ல் பள்ளிப் பிள்ளைகளின் 'லிட்டில் கைட்ஸ்' குழுக்கள் வழியாக அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை சொல்லிக்கொடுக்க அம்மா கற்றுக்கொண்டார். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை, ஆனாலும் கேட்கிற பழக்கம் ஒன்று இருந்திருக்கிறது.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னமெரிக்காவின் பெரு நாடு சாட்சி. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த முடிவு: கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அறிகுறி இல்லை. அமெரிக்காவில் இன்னொரு கதை. இன்புளூம் என்ற அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்டோர் கொடுத்த சுமார் 10 கோடி டாலரோடு, மாணவர் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கக் கிளம்பியது. "எங்கள் பிள்ளையின் விவரத்தை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?" என்று பெற்றோர் எழுந்தார்கள். 2014-ல் கடையைக் கட்டிவிட்டது. இந்தியாவில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றுதான் பேசுகிறது. எந்தச் செயலியில் தன் பிள்ளையின் படம், எடை, உயரம், ஆதார் எண் எல்லாம் ஏறியிருக்கிறது என்று ஓசூரில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

தனியார் பள்ளிகளை விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்த 21-வது பிரிவு பொருந்தாது. ஆகவே அங்கே கேள்வியே கிடையாது, பில் மட்டும்தான். ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் என்று ரசீதில் ஒரு வரி இருக்கும். வாரத்தில் எத்தனை மணி நேரம் அது ஓடியது என்று ரசீதில் இருக்காது. ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் மாட்டிய எஜுகாம்ப் நிறுவனம் 2017-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் பிறந்த பைஜூஸ் 2024-ல் அதே வழியில் போனது. கம்பெனி போய்விடும். சுவரில் திரை நிற்கும். கட்டிய பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

ஓசூர் வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இது எல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் ஏராளம். தெலுங்கு வழி, கன்னட வழி அரசுப் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. இப்போது தொழிற்சாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். திரையில் ஓடுகிற காணொளி எந்த மொழியில் பேசும்? பெற்றோருக்கு வருகிற வாட்ஸ்அப் செய்தி எந்த மொழியில் இருக்கும்? சென்னையில் உட்கார்ந்து மொத்தமாக ஆர்டர் போடுகிறவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. பாகலூரிலோ கெலமங்கலத்திலோ மூன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சருக்கு முதல் நாளே தோன்றும். அவரைத்தான் யாரும் கேட்கவில்லையே!

பெற்றோர் கூட்டத்துக்கு வருவதே இல்லை, நாங்கள் என்ன செய்வது என்பார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகம் முதல் கல்லூரி ஸ்டாஃப் ரூம் வரை இதே பல்லவி. மேலாண்மைக் குழுக்களை 2022-ல் மறுகட்டமைப்பு செய்தபோது மாதக் கூட்டத்துக்கு வைத்த நேரம், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. காலை ஷிப்ட் முடிந்தவர் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். இரண்டாவது ஷிப்ட்காரர் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஜெனரல் ஷிப்ட் ஆள் மெஷின் முன்னால் நிற்பார். ஒப்பந்தத் தொழிலாளி அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போச்சு. பூப்பறிக்கப் போன அம்மாவுக்கும் அதே கதைதான். யாரும் வர முடியாத நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, வரவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்த மறுகட்டமைப்புக்கு முன்னால் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். 2022 மார்ச் 20. காலண்டரை எடுத்துப் பாருங்கள், அது ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று அரசே நினைத்த நாளில் அரசே தேர்ந்தெடுத்தது ஞாயிறு! அடுத்த முறை எந்தத் திரைக்கோ கைக்கணினிக்கோ ஆர்டர் போடும் முன்னால் அப்படி இன்னொரு ஞாயிறு வைக்கட்டும். அறிவிப்பைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதட்டும். வகுப்பெடுக்கிற டீச்சர் எழுந்து, எந்தப் பாடத்துக்கு இது வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லட்டும். சிஎன்சி ஓட்டுகிற அப்பா எழுந்து, "ரிப்பேர் ஆனால் எத்தனை நாளில் ஆள் வருவார்?" என்று கேட்கட்டும். அதற்குப் பதில் எழுதி வைத்த பிறகு தீர்மானப் புத்தகத்தை நீட்டட்டும்.