செய்தால் போதாது, நிறுவ வேண்டும்

1826-ல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்ற மஞ்சள் வீழ்படிவைப் பெற்றார். அந்த வகை மூலக்கூறின் வடிவத்தை மான்செஸ்டரில் கெகின் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தது 1933-ல்தான். தயாரிப்புக்கும் தெளிவுக்கும் இடையே 107 ஆண்டுகள். பாலிஆக்சோமெட்டலேட் எனப்படும் இந்த உலோக ஆக்சைடு கொத்துகளில் செய்வது முந்திக்கொள்ளும். இன்னது என்று நிறுவுவது பிந்தும்.

இக்கொத்துகளில் பல, தம் சட்டகம் குலையாமல் எலெக்ட்ரான்களை வாங்கித் திருப்பித் தரும், வினையூக்கிகளாகவும் பயன்படும். ஆனால் கரைப்பானில் கரைந்து ஓடும் உப்புகளை விரும்பிய இடத்தில் நிறுத்துவது கடினம். கரிமக் கை ஒன்றைப் பொருத்திவிட்டால் மின்முனையிலோ பாலிமரிலோ பூட்டிவிடலாம். கரிமச் சேர்ப்பு ஆய்வுகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2002-ல் ஹாசென்க்னாஃப் குழுவினர் பாரிஸிலிருந்து வெளியிட்ட கரிமச் சேர்ப்பு முறையைப் பாருங்கள். ஆக்டாமாலிப்டேட் உப்பு, மாங்கனீசு அசிட்டேட், உயிர்வேதியியல் கூடங்களில் தாங்கல் கரைசலுக்குப் பயன்படும் 'ட்ரிஸ்'. மூன்றையும் அசிட்டோநைட்ரைலில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஈதர் ஆவியை மெல்லப் பரவவிட்டால் ஆரஞ்சுப் படிகங்கள் விளையும். நடுவில் மாங்கனீசு, சுற்றிலும் ஆறு மாலிப்டினம், கரிமக் கையாக மேலே ஒரு ட்ரிஸ், கீழே ஒரு ட்ரிஸ்.

சிக்கல் இனிமேல்தான். அகச்சிவப்பு நிறமாலையில் 900 முதல் 950 அலைஎண் வரை தெரியும் பட்டைகள் மாலிப்டினம்-ஆக்சிஜன் சட்டகம் இருப்பதைச் சொல்லும். கரிமப்பகுதி சகப்பிணைப்பில் சேர்ந்ததா, மின்னூட்டக் கவர்ச்சியில் அருகில் நிற்கிறதா என்பதைச் சொல்லாது. ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வு பிணைப்பைக் காட்டும். ஆனால் அந்த ஒரு படிகத்துக்கு மட்டுமே அது சாட்சி. இருவேறு ட்ரிஸ் வகைகளைக் கலந்து செய்தால் இரண்டு சமச்சீர் பொருள்களும் ஒரு கலப்புப் பொருளும் சேர்ந்தே உருவாகும். நல்ல படிகம் ஒன்றைப் பொறுக்கி எடுப்பவருக்கு மற்ற இரண்டும் கண்ணில் படாமலே போகலாம். நிறை நிறமாலை அதைப் பிடித்துவிடும். மாங்கனீசின் காந்தத்தன்மையால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சமிக்ஞைகள் அகன்று விலகுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அழகான படிகப் படம் மட்டும் சான்றாகாது. தனிமப் பகுப்பாய்வு, நிறை நிறமாலை, கரைசலில் நிலைத்தன்மை ஆகிய மூன்றும் இல்லாத 'புதிய சேர்மம்' அரைகுறை வேலைதான். ஆய்வேட்டை மதிப்பிடுவோர், எத்தனை சேர்மம் என்று எண்ணுவதை விடுத்து, எது மெய்ப்பிக்கப்பட்டது என்று கேட்கட்டும்.