ஆட்டக்களம் தேடிச் செல்லும் வழி

விளையாட்டும் கேளிக்கையும் சுற்றுச்சூழலுக்கு விளைக்கும் கேட்டைப் பேசுவோர், வீரர்களும் கலைஞர்களும் ஏறும் வானூர்தியையே முதலில் சுட்டுவர். அது பாதி உண்மையே. வீரர்கள் சில நூறு பேர், பார்வையாளரோ பல்லாயிரவர். அவர்கள் வந்து திரும்பும் வழியில்தான் பெரும்புகை எழுகிறது.

வீரர்களின் பயணமும் குறைக்க இயலாததன்று. 2022ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் 10 அணிகள் மோதிய 70 லீக் ஆட்டங்களும் மும்பை, நவி மும்பை, புனே ஆகிய நகரங்களின் 4 அரங்குகளிலேயே நடந்து முடிந்தன. காரணம் காற்றின் மீதுள்ள அக்கறையன்று, கொரோனா அச்சம். ஆண்டுதோறும் அவ்வாறே நடத்தினால் பிற ஊர்க்காரர் தம் அணியைத் தம் மண்ணில் காணும் மகிழ்ச்சியை இழப்பர். எனினும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆட்டங்களை அடுத்தடுத்து அமைக்க யார் தடை?

பார்வையாளர்க்கும் வழி உண்டு. காவிரிப் போராட்டத்தால் 2018 ஏப்ரலில் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் சிறப்புத் தொடர்வண்டியில் அங்குச் சென்றனர். 2023இல் சேப்பாக்கத்து நுழைவுச்சீட்டே மெட்ரோ தொடர்வண்டிக்கும் பயணச்சீட்டாயிற்று. 2024இல் மாநகரப் பேருந்துக்கும் அது பொருந்தியது.

இவையெல்லாம் தலைநகரத்தார்க்கு வாய்த்த வசதிகள். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கள்ளக்குறிச்சிக்குத் திரும்ப வேண்டிய இளைஞர் என் செய்வர்? நால்வர் சேர்ந்து வாடகைச் சீருந்து அமர்த்துவர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இருப்புப்பாதை அமைக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. நுழைவுச்சீட்டுடன் மாவட்டப் பேருந்துப் பயணத்தையும் இணைத்து விற்றால், ஒரு பேருந்து பத்துச் சீருந்துகளின் புகையைத் தவிர்க்கும்.

கல்வராயன் மலையின் கோடை விழாவுக்கும் இது பொருந்தும். கோமுகி ஆறு பிறக்கும் அம்மலைக்கு, மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் காண வருவோரின் ஊர்திகள் வளைவுதோறும் உறுமிக்கொண்டு ஏறுகின்றன. கச்சிராயபாளையத்திலேயே அவற்றை நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்துகளில் மக்களை மேலே அழைத்துச் செல்லலாம். அப்பேருந்துகள் விழா முடிந்த மறுநாளும் ஓடுமாயின், கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இறங்கிவரும் மலையாளிப் பழங்குடியினர் சாலையோரம் காத்துக்கிடக்கும் நேரமும் குறையும்.