பைல் நகர்வதற்குள் குண்டு வெடித்தது!

1998-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, வெள்ளிக்கிழமை. கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. காலை பத்தரை மணி சுமாருக்கு அமெரிக்கத் தூதரகத்தின் பின்பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. கேட்டைத் திறக்க முடியாது என்றார்கள் காவலாளிகள். லாரி வெடித்தது!

213 பேர் பலி. ஏறக்குறைய அதே நேரத்தில் தான்சானியா நாட்டின் தார் எஸ் சலாம் நகரிலும் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தது. அங்கே 11 பேர் பலி. ஆக மொத்தம் 224 உயிர்கள்.

இதில் அமெரிக்கர்கள் எத்தனை பேர்? 12 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர் ஜனங்கள். தூதரகத்தில் வேலை பார்த்த உள்ளூர் ஊழியர்கள். ரோட்டில் தன் பாட்டுக்குப் போய்க் கொண்டிருந்தவர்கள். பக்கத்துக் கட்டிடத்தில் செக்ரட்டரி வேலைக்குப் படித்துக் கொண்டிருந்தவர்கள். அந்தக் கட்டிடம் அப்படியே சரிந்து விழுந்தது. முதலில் கேட்ட சத்தத்துக்கு என்னமோ ஏதோ என்று ஜன்னலுக்கு ஓடி வந்த பலருடைய கண்களைக் கண்ணாடிச் சில்லுகள் பறித்துக் கொண்டன.

தெரியாமல் நடந்ததா?

இல்லை. கட்டிடம் வீதியை ஒட்டி இருக்கிறது, ஆபத்து என்று அங்கே தூதராக இருந்த புரூடன்ஸ் புஷ்நெல் முன்கூட்டியே தலைமைக்கு எழுதினார். ஒரு தடவை அல்ல, பல தடவை. வெளிநாட்டு மந்திரிக்கே கடிதம் போட்டார். வந்த பதில் என்ன? நைரோபிக்கு உள்ள ஆபத்து ‘நடுத்தரம்’தான், புதுக் கட்டிடத்துக்கு இப்போது பணம் இல்லை!

சட்டம் தெரியாத இலாகாவா அது? 1983-ல் பெய்ரூட் தூதரகத்தில் குண்டு வெடித்து 63 பேர் மாண்டார்கள். ஓய்வு பெற்ற அட்மிரல் இன்மன் தலைமையில் கமிட்டி போட்டார்கள். வீதிக்கும் கட்டிடத்துக்கும் நடுவே 100 அடியாவது இருக்க வேண்டும் என்று 1985-லேயே அது சொல்லிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களை மாற்றச் சொன்னது. கொஞ்ச நாள் வேகமாக வேலை நடந்தது. அப்புறம் பணமும் குறைந்தது, பயமும் குறைந்தது.

நைரோபிக்குப் பிறகு இன்னொரு அட்மிரல், கிரவ். இன்னொரு கமிட்டி. ஆண்டுக்கு 140 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டு செலவு செய்யுங்கள் என்றார். 100 அடி இடைவெளியை 1999-ல் சட்டமாகவே ஆக்கினார்கள். நைரோபியில் ஊருக்கு வெளியே புதுத் தூதரகமும் எழுந்தது.

சட்டத்துக்கும் ஒரு சந்து!

கட்டிடம் எழுந்தது. நிர்வாகம் எழுந்ததா? 2012 செப்டம்பர் 11-ந் தேதி லிபியாவின் பெங்காசியில் தூதர் கிறிஸ் ஸ்டீவன்சும் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘தற்காலிகம்’. தற்காலிகம் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு விதிகளைக் கேட்பார் இல்லை! காவலுக்கு ஆள் கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. விசாரணைக் குழு மேலிடத்து நிர்வாகக் கோளாறு என்றே சொன்னது. நான்கு அதிகாரிகளை லீவில் அனுப்பினார்கள். 2013-ல் அவர்களை வேறு வேலையில் அமர்த்தினார்கள். வேலை போனவர் ஒருவரும் இல்லை. திறமைக் குறைவு உண்டு, ஆனால் கடமை மீறல் இல்லையாம்!

இலாகாவுக்குள்ளேயே தப்பைத் தோண்டி எடுக்க ஒரு பதவி உண்டு. இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று பெயர். நிர்வாகத்தில் எங்கே ஓட்டை என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுவது அவர் ஆபீஸ். வெளிநாட்டு அலுவலகங்களின் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிற பாடம். ஆனால் 2008 ஜனவரி முதல் 2013 செப்டம்பர் வரை அந்த நாற்காலிக்கு நிரந்தர ஆளே போடவில்லை. ஐந்தரை வருஷம்! பெங்காசி நடந்ததும் அந்தக் காலத்தில்தான்.

மதிலை உயர்த்தினால் போதும் என்பதும் சரியல்ல. ஊருக்கு வெளியே கோட்டை கட்டி உட்கார்ந்தால் ஊர் ஜனங்களை எப்படிப் பார்ப்பது என்று தூதர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்த ஊரிலும் ஆபத்தே இல்லாமல் செய்யவும் யாராலும் முடியாது.

ஆனால் செய்யக் கூடியது ஒன்று உண்டு. காவல் கேட்டு வந்த பைலில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர் கையெழுத்தும் காரணமும் போடட்டும். விதி விலக்கு கொடுத்தால் எந்தத் தேதி வரை என்று எழுதட்டும். ஆபத்தைக் கணக்குப் போடும்போது உள்ளே இருக்கும் அதிகாரியோடு, வாசலில் நிற்கும் காவலாளியையும் எதிர்ச் சாரியில் நடக்கிறவனையும் சேர்த்து எண்ணட்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். வந்த பிறகு போடுவது அணை அல்ல, கமிட்டி!